செல்வி அக்காவுக்கு வார லீவு உண்டா?

'பாக்கியலட்சுமி' சீரியல் 2020-ல தொடங்கி 2025-ல முடிஞ்சுது. பாக்கியாவைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. நாம பேச வேண்டியது, அந்த வீட்டுல வேலை செஞ்ச செல்வி அக்காவைப் பத்தி.

பாக்கியாவோட எல்லாக் கஷ்டத்துலயும் கூட நின்னவங்க. ஆனா அவங்க மகன் ஆகாஷும் அந்த வீட்டுப் பொண்ணு இனியாவும் காதலிக்கிறது தெரிஞ்சதும்? வீடே கொதிச்சுது. அதுவரை நம்ம செல்வி, அப்புறம் வேலைக்காரி!

பாசம் முதலாளி மனசைப் பொறுத்தது மக்களே. உரிமைக்குத்தான் சட்டம் வேணும்.

தமிழ்நாட்டுல வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-லயே நல வாரியம் வந்துடுச்சு. வாரம் 24 மணி நேரம் தொடர் ஓய்வு கேட்கிற ஐ.எல்.ஓ. 189-வது உடன்படிக்கை 2011-ல வந்தது. இந்தியா அதுல சேரல. தனிச்சட்டம் பத்தி ஆராய குழு அமைக்கச் சொல்லி 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு.

நிரவி, திருநள்ளாறு பக்கமிருந்து காரைக்கால் டவுனுக்கு வேலைக்கு வர்ற அம்மாக்களுக்கும் இது கிடைக்கணும். அரசாங்கத்துக்கிட்ட கேட்போம், விடமாட்டோம். ஆனா சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். உங்க வீட்டு செல்வி அக்காவுக்கு இந்த ஞாயிறு சம்பளத்தோட லீவு குடுங்க.

#வீட்டுவேலையும்_வேலைதான் #காரைக்கால்