உபதேசி தயாரிக்க வரும் பாதிரிமார்கள்

வெளிநாட்டுப் பாதிரிமார்கள் சிலர் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று ஆகாய விமானத்தில் வந்திறங்கி, நம் நாட்டு உபதேசிமார்களைக் கூட்டி வைத்துப் பிரசங்கம் செய்யும் முறையைப் பழக்கிவிட்டுப் போகும் வழக்கம் இன்றும் நடந்து வருகிறது. இதைக் கண்டு சிலர் "மதம் போச்சு, தேசம் போச்சு" என்று கூச்சல் போடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு கடவுள் எழுந்துபோன இடத்தில் இன்னொரு கடவுள் வந்து உட்காருவதால் பகுத்தறிவுக்கு லாபமுமில்லை, புதிதாய் நஷ்டமுமில்லை. நாம் கேட்பது வேறு. அப்படித் தயாரான உபதேசி யாருக்குத் தன் கையால் அப்பமும் ரசமும் கொடுக்கலாம் என்பதை நிச்சயிப்பது பைபிளா, ஊர் ஜாதிக் கட்டுப்பாடா?

இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. முந்நூறு வருஷத்துக் கணக்கு தரங்கம்பாடியில் கிடக்கிறது.

1706-ல் டென்மார்க் அரசர் அனுப்பி வந்த சீகன்பால்கு பாதிரியார், நம் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1716-ல் உள்ளூர் ஆட்களை உபதேசிமார்களாகத் தயாரிக்க ஒரு பள்ளியும் ஏற்படுத்தினார். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாஸ்திரமுள்ள நாட்டில், தம் வேதத்தை அச்சடித்து யார் கையிலும் கொடுத்தார் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. அதில் எழுதியிருப்பது எவ்வளவு உண்மை என்பது வேறு சங்கதி.

அந்தப் புஸ்தகம் ராஜநாயக்கன் என்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கத்தோலிக்கர், தஞ்சாவூர் அரசரின் சேனையில் சேர்வைக்காரர், பறையர் என்று ஊர் தள்ளி வைத்த வகுப்பிலே பிறந்தவர். புஸ்தகத்தைப் படித்து, தரங்கம்பாடிப் பாதிரிமார்களோடு சேர்ந்து, உபதேசியானார். தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் எளிதில் நுழைய முடியாதிருந்த காலம் அது. ஆதலால் அங்கே நடந்த வேலையெல்லாம் இவரைப் போன்ற உள்நாட்டு உபதேசிமார்களின் காலிலும் வாயிலுமே நடந்தது.

1733-ல் முதல் தமிழ்ப் பாதிரியாக ஆரோன் என்பவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். அவர் வேளாளர். 1741-ல் இரண்டாவது பட்டம் கொடுக்கும்போது ராஜநாயக்கன் பேரும் யோசனைக்கு வந்தது. அவர் யோக்கியதையில் பாதிரிமார்கள் ஒரு குறையும் கண்டதில்லை. ஆனாலும் இராப்போஜனத்தை அவர் கையால் வாங்க மேல் ஜாதிக் கிறிஸ்தவர்கள் மனம் கூசுவார்கள் என்று பயந்து, பட்டத்தைத் தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் 1771-ல் சாகும் வரை உபதேசியாகவே இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் உழைப்பு! மோட்சத்துக்கு வழிகாட்ட லாயக்கான ஆசாமி, அப்பம் எடுத்துக் கொடுக்க மட்டும் லாயக்கில்லை. ஏசுவின் ரத்தமென்று நம்பிக் குடிக்கிற ரசத்தைக்கூட, ஊற்றுகிற கை எந்தத் தெருக் கை என்று பார்த்துக் குடிக்கிற பக்தி எப்பேர்ப்பட்ட பக்தி!

"பாதிரிமார்கள் பாவம், நாலு பேர், என்ன செய்வார்கள்? சபை உடைந்துவிடாதபடி பொறுமையாகப் போனார்கள்" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். பொறுமை யாருடையது? பாதிரியார் பொறுமை காட்டினார். அதற்கு விலை கொடுத்தவர் ராஜநாயக்கன். கடலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சாமல் வந்தவர்கள், நாலு வேளாளர் முகம் சுளிப்பார்கள் என்பதற்கு அஞ்சினார்கள்.

நிற்க, இந்த அச்சம் ஒரு சபையோடு நின்றதுமில்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதியதும், தஞ்சாவூரிலும் சென்னையிலும் மேல் ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகக் கோயிலை விட்டு விலகினார்கள். கத்தோலிக்கரின் வடக்கன்குளம் கோயிலில் ஜாதியைப் பிரித்து வைத்த சுவரை 1910-ல் பாதிரியாரே இடித்தபோது, எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்கே போனார்கள், தோற்றார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்த ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022-ல்தான். ஐதராபாத்தின் அந்தோணி பூலா அவர்.

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை இப்படி ஒரு பயிற்சிக் கூட்டம் உங்கள் ஊர்ப் பக்கம் நடந்தால், மதம் மாற்றுகிறான் என்று கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது காலிகள் வேலை. மரியாதையாகப் போய், வந்திருக்கும் பாதிரியாரை மூன்று சங்கதி கேளுங்கள். பயிற்சி பெற்றவர்களில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் யாரையாவது ஊர்த்தெருக் கோயிலுக்குக் குருவாக அனுப்புவாரா? அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தை அவர் போய்ப் பார்த்தாரா, நடுவே சுவர் இருந்ததா?