பல் பரிசோதனையும் பல் சுத்தமும்: செலுத்தும் கட்டணத்துக்கு எவ்வளவு ஆய்வு கிடைக்கிறது?

நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

முக்கியச் செய்திகள்

• பல் பரிசோதனை வேறு, பல் சுத்தம் வேறு. சுத்தம் செய்துகொண்டதால் பரிசோதனையும் முடிந்துவிட்டது என்று கருத வேண்டாம்.
• கட்டணம் கூடுதலாக இருப்பது ஆய்வு முழுமையானது என்பதற்குச் சான்று ஆகாது; குறைவாக இருப்பது ஆய்வு குறையுடையது என்பதற்கும் சான்று ஆகாது.
• ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது அனைவருக்கும் பொதுவான விதி அன்று. அடுத்த பரிசோதனை எப்போது என்பதை உங்கள் நோய் வாய்ப்பே தீர்மானிக்க வேண்டும்.
• கையில் உள்ள பணம் குறைவாக இருந்தால், முதலில் முழுமையான பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

இப்பொருள் இப்போது ஏன் கவனம் பெறுகிறது?

2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, பல் துலக்கும் பிரஷ், பல்லிடுக்குகளைத் துடைக்கும் நூல் ஆகியவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பற்பொடிக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வீட்டில் செய்யும் அன்றாடப் பல் பராமரிப்பின் செலவுச் சுமை இதனால் ஓரளவு குறைகிறது.

ஆனால் தனியார் பல் மருத்துவரிடம் செல்லும்போது ஆகும் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் கைப்பணமாகவே உள்ளது. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு போன்ற திட்டங்கள் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்காக வகுக்கப்பட்டவை. புறநோயாளியாகச் சென்று செய்துகொள்ளும் வழக்கமான பல் பரிசோதனையும் சுத்தமும் அவற்றுள் அடங்குவதில்லை. ஆகவே பலரும் வலி வந்த பின்னரே பல் மருத்துவரை நாடுகின்றனர். அதற்குள் சிறு சொத்தை வேர் வரை பரவி, அடைத்துச் சரிசெய்யக்கூடிய பல்லுக்கு வேர்ச் சிகிச்சையோ பல் பிடுங்குதலோ தேவைப்படும் நிலை வந்துவிடுகிறது.

உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் சார்ந்த நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை. எனவே குறைந்த பணத்தைக் கொண்டு எதை முதலில் செய்துகொள்வது என்பது ஒவ்வொரு குடும்பமும் தெளிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

பரிசோதனையும் சுத்தமும் எவ்வாறு வேறுபடுகின்றன?

பற்களின் மீது நாள்தோறும் படியும் கிருமிகளின் மெல்லிய படலம் பற்படலம் எனப்படும். பிரஷ் கொண்டு இதை நீக்கலாம். நீக்காமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள கனிமங்கள் சேர்ந்து அது கெட்டிப்பட்டுப் பற்காரையாக மாறும். பற்காரையைப் பிரஷால் நீக்க இயலாது. அதிர்வுக் கருவியாலோ கைக்கருவியாலோ பல் மருத்துவர் அதைப் பெயர்த்தெடுப்பதையே 'ஸ்கேலிங்' அல்லது பல் சுத்தம் என்கிறோம்.

பரிசோதனை என்பது வாய் முழுவதையும் ஆராய்ந்து, நோய் உள்ளதா, வரும் வாய்ப்பு உள்ளதா என்று கண்டறிவது. சுத்தம் செய்தபின் பற்கள் பளிச்சிடுவதைக் கண்ணாடியில் காண இயலும். ஆனால் ஈறு எவ்வளவு ஆழத்தில் பல்லை விட்டு விலகியுள்ளது என்பதையும், நாக்கின் அடியில் வெண்திட்டு உள்ளதா என்பதையும் அவ்வாறு அறிய முடியாது. கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் வைத்து நாம் மன நிறைவு அடைந்துவிடுவதால், தெரியாத பகுதி விடுபட்டுப் போவதை உணர்வதில்லை.

கட்டணம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

ஒரே ஊரில் ஒரு மருத்துவமனையில் சில நூறு ரூபாய்க்கும் மற்றொன்றில் சில ஆயிரம் ரூபாய்க்கும் பல் சுத்தம் செய்யப்படுவதைக் காணலாம். இடத்தின் வாடகை, கருவிகளின் விலை, மருத்துவர் ஒதுக்கும் நேரம், கிருமி நீக்கத்துக்கான செலவு ஆகியவை இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள். இவற்றுள் உங்கள் உடல்நலத்தோடு நேரடித் தொடர்புடையவை நேரமும் கிருமி நீக்கமுமே.

மிகக் குறைந்த விலை விளம்பரங்களைக் காணும்போது, அக்கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள். ஈறுக்கு மேலே தெரியும் காரையை மட்டும் சில நிமிடங்களில் நீக்குவதும், ஈறின் விளிம்புக்குக் கீழே வரை சென்று நீக்குவதும் ஒரே பெயரில் அழைக்கப்படலாம். அதேபோல், ஈறுநோய் முற்றியவர்களுக்கு வேர்ப் பகுதி வரை செய்யப்படும் ஆழ்சுத்தம் தனிச் சிகிச்சையாகும். அதற்கு மரப்பு ஊசியும் ஒன்றுக்கு மேற்பட்ட வருகைகளும் தேவைப்படலாம், கட்டணமும் வேறுபடும். உங்களுக்கு ஆழ்சுத்தம் தேவை என்று கூறப்பட்டால், எந்தப் பற்களில், எத்தனை மில்லிமீட்டர் ஆழம் அளவிடப்பட்டது என்று கேட்பது உங்கள் உரிமை.

முழுமையான பரிசோதனையில் என்ன நடைபெற வேண்டும்?

1. உடல்நல விவரம்: நீரிழிவு, இதயநோய், கர்ப்பம், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், புகையிலைப் பழக்கம் ஆகியவற்றை மருத்துவர் கேட்டறிய வேண்டும்.
2. வாயின் மென்பகுதிகள்: உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு பக்கங்கள், நாக்கின் அடிப்பகுதி, அண்ணம் ஆகியவற்றில் புண், வெண்திட்டு, செந்திட்டு உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கழுத்திலும் தாடையின் கீழும் கட்டி உள்ளதா என்று தொட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும்.
3. பற்கள்: சொத்தை, விரிசல், தேய்மானம், பழைய அடைப்புகளின் நிலை ஆகியவை ஆராயப்பட வேண்டும்.
4. ஈறுகள்: அளவுக் கோடுகள் இட்ட மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாகச் செலுத்தி ஆழத்தை அளக்க வேண்டும். பொதுவாக 3 மில்லிமீட்டர் வரை இயல்பானது. 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கவனம் தேவை.
5. எக்ஸ்ரே: தேவை இருந்தால் மட்டும். ஒவ்வொரு வருகையிலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.
6. விளக்கம்: கண்டறிந்தவை, வீட்டில் செய்ய வேண்டியவை, அடுத்து எப்போது வர வேண்டும் என்பவை உங்களுக்குப் புரியும்படி கூறப்பட வேண்டும்.

இவற்றுள் நான்காவது படி விடுபட்டால் நீங்கள் அதை எளிதில் அறிந்துகொள்ளலாம். ஈறுகளை யாரேனும் அளந்தார்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முதிர்ந்த ஈறுநோய்கூடப் பலருக்கு வலியின்றியே வளர்கிறது. பல் ஆடத் தொடங்கும்போது அதைத் தாங்கும் எலும்பின் பெரும்பகுதி கரைந்திருக்கலாம். கரைந்த எலும்பு தானாக முன்போல் வளர்ந்துவிடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது கட்டாயமா?

இக்கேள்விக்கு விடை காணப் பிரிட்டனில் இரு பெரிய ஆய்வுகள் நடத்தப்பட்டன. அவற்றுள் ஒன்றில் 63 பல் மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 1,877 பெரியவர்கள் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொண்டோர், ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டோர், செய்துகொள்ளாதோர் ஆகிய மூன்று பிரிவினருக்கும் இடையே ஈறு அழற்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும், பங்கேற்றவர்கள் சுத்தம் செய்துகொள்வதை விரும்பினர். அதற்குப் பணம் செலுத்தவும் ஆயத்தமாக இருந்தனர். நாம் மதிக்கும் சேவையும் நமக்கு நன்மை தரும் சேவையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

மற்றோர் ஆய்வில் 51 நிலையங்களைச் சேர்ந்த 2,372 பேர் நான்கு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்தோருக்கும், தத்தம் நோய் வாய்ப்புக்கு ஏற்ற இடைவெளியில் வந்தோருக்கும் இடையே வாய்நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், பெரியவர்களுக்கான பரிசோதனை இடைவெளி 3 மாதம் முதல் 24 மாதம் வரை ஆளுக்கு ஆள் மாறலாம் என்று 2004ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. சிறார்க்கு அவ்வரம்பு 3 மாதம் முதல் 12 மாதம் வரை.

இம்முடிவுகளைப் பல் மருத்துவரே தேவையில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அவ்வாய்வுகளில் பங்கேற்றோர் தவறாமல் பல் மருத்துவரைப் பார்த்து வந்தவர்கள். சுத்தம் பற்றிய ஆய்வில் கடுமையான ஈறுநோய் உடையோர் சேர்க்கப்படவும் இல்லை. பல ஆண்டுகளாகப் பரிசோதனையே செய்துகொள்ளாத ஒருவருக்கு அம்முடிவுகள் பொருந்தா. அவர் எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதே ஒரு முழுப் பரிசோதனைக்குப் பின்னர்தான் தெரியவரும்.

யார் இடைவெளியை நீட்டிக்கக் கூடாது?

நீரிழிவு உள்ளவர்கள், புகைப்பவர்கள், வெற்றிலையுடன் புகையிலை மெல்லுபவர்கள், ஈறுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், அடிக்கடி சொத்தை ஏற்படுபவர்கள், உமிழ்நீர் குறைந்து வாய் உலர்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவர் கூறும் கால இடைவெளியைத் தவறாமல் பின்பற்ற வேண்டும்.

நீரிழிவுக்கும் ஈறுநோய்க்கும் இருவழித் தொடர்பு உண்டு. கட்டுப்படாத சர்க்கரை ஈறுநோயைத் தீவிரமாக்கும்; தீவிரமான ஈறுநோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈறுநோய்க்கு முறையாகச் சிகிச்சை அளித்தால், மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக 2022இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. இத்தகையோருக்குச் சுத்தம் அழகுக்கான செலவன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.

செலவைக் குறைக்கும் வழிகள்

அரசு மருத்துவமனைகளின் பல் மருத்துவப் பிரிவுகளில் பரிசோதனையும் சுத்தமும் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கின்றன. 1953ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை பெறலாம். கல்லூரி மருத்துவமனைகளில் பயிற்சி மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் பணிபுரிகின்றனர். காத்திருப்பு நேரம் கூடுதலாகலாம்; ஆயினும் ஒவ்வொரு படியும் சரிபார்க்கப்படுவதால் ஆய்வு பெரும்பாலும் நிதானமாக நடைபெறும். ஒரு நாள் கூலியை இழந்து வருவோர், எந்த நாளில் கூட்டம் குறைவு, எத்தனை மணிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று முன்னரே கேட்டறிந்து செல்வது நல்லது.

30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய்ப்புற்றுநோய்க்கான ஆரம்பநிலைப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்த் திட்டத்தின்கீழ் செய்யப்படுகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது இதனையும் கேட்டுப் பெறுங்கள்.

கட்டணம் செலுத்துமுன் கேட்க வேண்டியவை

• இக்கட்டணத்தில் பரிசோதனையும் அடங்குமா, சுத்தம் மட்டுமா?
• என் ஈறுகளின் ஆழம் அளக்கப்பட்டதா? அளவு என்ன?
• கருவிகள் ஆட்டோகிளேவில் கிருமி நீக்கம் செய்யப்பட்டவையா? உறை என் கண்முன் பிரிக்கப்படுமா?
• பரிந்துரைத்த சிகிச்சைகளுள் உடனே செய்ய வேண்டியது எது, காத்திருக்கத்தக்கது எது?
• எனக்கு அடுத்த பரிசோதனை எப்போது? அந்த இடைவெளிக்குக் காரணம் என்ன?

இலவச முகாமில் நீண்ட சிகிச்சைப் பட்டியல் தரப்பட்டால் அன்றே முன்பணம் செலுத்த வேண்டியதில்லை. பட்டியலை எழுத்து வடிவில் பெற்று, மற்றொரு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ கருத்துக் கேட்டபின் முடிவு செய்யலாம். சிகிச்சை அளிப்பவர் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பராமரிப்பாளர்கள் கவனத்துக்கு

முதியோரையோ நீண்ட நாள் நோயாளியையோ அழைத்துச் செல்லும்போது அவர் உட்கொள்ளும் மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமைக்கான மருந்தைப் பல் சுத்தத்துக்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவராயின், சிகிச்சைக்கு முன் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். கழற்றி மாட்டும் பல்செட் அணிந்தவருக்கும், பல்லே இல்லாதவருக்கும்கூட வாயின் மென்பகுதிப் பரிசோதனை தேவை.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம் பல குடும்பங்களில் உண்டு. காரை நீங்கியபின், அதுவரை அது மறைத்திருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளிப்படுகின்றன. சில நாள்கள் கூச்சமும் இருக்கலாம். ஆட்டத்துக்குக் காரணம் சுத்தம் அன்று, ஏற்கெனவே உள்ள ஈறுநோயே.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெண்திட்டு அல்லது செந்திட்டு, வாய் திறக்க இயலாமை, முக வீக்கத்துடன் காய்ச்சல், ஈறிலிருந்து சீழ், திடீரென ஆடும் பல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

நாள்தோறும் இருமுறை ஃபுளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குவதும், புகையிலையை விடுவதும், இனிப்பைக் குறைப்பதும் குறைந்த செலவில் பெறும் பாதுகாப்பு. அதற்கு மேல் செலவிட வாய்ப்பிருப்பின், உங்கள் வாயை முழுமையாகப் பார்த்து, ஈறுகளை அளந்து, கண்டதை உங்களுக்கு விளக்கிக் கூறும் மருத்துவரின் நேரத்துக்குச் செலவிடுங்கள். சுத்தம் தேவையா என்பதை அந்தப் பரிசோதனை கூறும்.