விளைந்த கல்லும் பிளந்த கல்லும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், 1955-இல் ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் சிறிய அளவில் தொடங்கி, இன்று உலகின் பெரிய கனிமச் சந்தைகளுள் ஒன்றாக வளர்ந்திருக்கும் ஆண்டுக் கண்காட்சியையொட்டி வெளிவரும் விற்பனைப் படங்கள், கனிமச் சேகரிப்பில் ஈடுபாடு கொண்ட எவரையும் கட்டிப்போடக் கூடியவை. ஆயினும் இவ்வாரம் பார்க்கக் கிடைத்த படங்கள் மகிழ்ச்சியைவிடக் கசப்பையே மிகுதியாகத் தந்தன. தேன்நிறத்தில் ஒளிரும் அரிய கால்சைட்டுப் படிகங்களுக்கு அருகிலேயே, தட்டிப் பிளந்தெடுத்த தெளிந்த கால்சைட்டுத் துண்டுகள் ‘இயற்கைப் படிகம்’ என்ற பெயரில், எந்த ஊரில் எந்தச் சுரங்கத்தில் கிடைத்தவை என்ற ஒரு சொல்லும் இன்றி அடுக்கப்பட்டிருந்தன.

கால்சைட்டு என்பது கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவம். சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் பெரும்பாலும் இதனால் ஆனவையே. இத்தனை எளிதில் கிடைக்கும் ஒரு பொருளைச் சேகரிப்பாளர்கள் போற்றுவதற்குக் காரணம், வேறெந்தக் கனிமமும் எளிதில் போட்டியிட முடியாத அளவுக்கு அது பல வடிவங்களில் விளைவதே ஆகும். கூரிய முனையோடு நீண்டு வளர்ந்தால் அதை ‘நாய்ப்பல்’ வடிவம் என்றும், தட்டையான தலையோடு வளர்ந்தால் ‘ஆணித்தலை’ வடிவம் என்றும் சேகரிப்பாளர்கள் அழைக்கிறார்கள். இரண்டு படிகங்கள் ஒரு பொதுத் தளத்தின் இருபுறமும் ஒன்றற்கொன்று எதிரொப்பாக இணைந்து வளர்வது இரட்டைப் படிகம் எனப்படும். இங்கிலாந்தின் எக்ரிமான்ட் பகுதி இரும்புச் சுரங்கங்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வெளிவந்த இதய வடிவ இரட்டைகளும், டென்னசி மாநிலத்து எல்ம்வுட் துத்தநாகச் சுரங்கத்தில் கரிய தாதுவின்மேல் பொன்னிறத்தில் விளைந்த நாய்ப்பல் படிகங்களும், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த தக்காணத்து எரிமலைப் பாறையின் உட்குழிவுகளில், ஜல்கான், நாசிக் வட்டாரங்களில், ஸ்டில்பைட்டு, அபோஃபிலைட்டு ஆகிய கனிமங்களோடு சேர்ந்து கிடைக்கும் படிகங்களும் ஒரே வேதிப்பொருளால் ஆனவை என்பதைப் பார்வையால் மட்டும் நம்புவது கடினம்.

இந்த வேறுபாடுகள் யாவும் படிகம் விளைந்த இடத்தின் வெப்பநிலையையும் அங்கு ஊடுருவிய நீரின் கரைபொருள்களையும் சார்ந்தவை. ஆகவேதான் லேபிள் எனப்படும் விவரச் சீட்டு, கல்லின் ஒரு பகுதி என்றே கருதப்பட வேண்டும் என இப்பத்தி பலமுறை வலியுறுத்தி வந்திருக்கிறது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிய முறையீடுதான் என்றாலும், மீண்டும் முறையிடாமல் இருக்க இயலவில்லை. ஊர்ப்பெயர் இழந்த படிகத்தை அனுபவம் மிக்க கண்கள் ஓரளவு அடையாளம் காணலாம். ஆனால் எந்தச் சுரங்கத்தின் எந்தப் பகுதியில், எந்த ஆண்டில் அது எடுக்கப்பட்டது என்பதை எந்த ஆய்வகத்தாலும் மீட்டுத்தர முடியாது. எக்ரிமான்ட் போன்ற இடங்களில் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்ட நிலையில், பழைய கையெழுத்தில் எழுதப்பட்ட ஒரு சீட்டைக் குப்பையில் போடுவது, இனி ஒருபோதும் சேகரிக்க முடியாத ஒரு தகவலை அழிப்பதற்குச் சமம். விற்பவர் எழுதித் தராதபோது வாங்குபவர் கேட்பதில்லை என்பதும், வாங்குபவர் கேட்காததால் விற்பவர் எழுதுவதில்லை என்பதும் சேர்ந்துதான் இந்தச் சீர்கேடு நிலைத்திருக்கிறது. நீர்த்த அமிலத்தில் முக்கிப் பளபளப்பாக்கிய ஆரஞ்சு நிறக் கட்டிகளை இயல்பான மேற்பரப்பு உடையவை என்று விற்பதும் இதே அலட்சியத்தின் மற்றொரு கிளை. கால்சைட்டு அமிலத்தில் நுரைத்துக் கரையும் இயல்புடையது என்பதால், அவ்வாறு முக்கியதும் விளைவின் வரிகளும் படிகளும் மழுங்கி, மெழுகு பூசியது போன்ற வழுவழுப்பே மிஞ்சுகிறது.

பிளந்த துண்டைப் படிகம் என்று சொல்வது தவறு என்பதற்கும் தெளிவான காரணம் உண்டு. கால்சைட்டு மூன்று திசைகளில் மட்டும் மிகச் சீராகப் பிளக்கும். எப்படித் தட்டினாலும், முகங்கள் ஒன்றோடொன்று ஏறத்தாழ 75 பாகையிலும் 105 பாகையிலும் சந்திக்கும் சாய்கட்டிகளே கிடைக்கும். அந்த முகங்கள் விளைந்தவை அல்ல, உடைப்பினால் வெளிப்பட்டவை. பிரெஞ்சு அறிஞர் ஆயி, நண்பர் ஒருவரின் கால்சைட்டுத் தொகுதியைக் கைதவறவிட்டு, சிதறிய துண்டுகளைக் கண்ட பின்னரே படிகங்களின் உள்ளமைப்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. நாய்ப்பல் வடிவத்தை உடைத்தாலும் ஆணித்தலை வடிவத்தை உடைத்தாலும் அதே சாய்கட்டி வெளிப்படுவதை அவர் கண்டார். புறத்தே வேறுபட்டுத் தோன்றும் படிகங்கள் ஒரே வகை நுண்கட்டிகள் அடுக்கப்பட்டதால் உருவானவை என்ற அவரது கருத்து, நவீனப் படிகவியலுக்கு அடித்தளமாயிற்று.

ஆகவே இகழப்பட வேண்டியது பிளவுத்துண்டு அன்று. அதன்மேல் ஒட்டப்பட்ட பொய்ப்பெயரே. உண்மையில் அறிவியல் வரலாற்றில் இந்தச் சாய்கட்டிக்கு நிகரான பெருமை உடைய கற்கள் மிகச் சில. கிழக்கு ஐஸ்லாந்தின் ஹெல்குஸ்தாதிர் என்னுமிடத்தில், எரிமலைப் பாறையின் நடுவே, பழுதற்ற தெளிவோடு கிடைத்த கால்சைட்டு ‘ஐஸ்லாந்துப் படிகம்’ என்றே பெயர் பெற்றது. அதன் வழியாக ஓர் எழுத்தைப் பார்த்தால் இரண்டு எழுத்துகள் தெரிவதை டென்மார்க் அறிஞர் பார்த்தொலின் 1669-இல் நூலாக எழுதி வெளியிட்டார். ஒளிக்கதிர் ஒன்று உள்ளே நுழைந்ததும் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு அளவில் விலகும் இந்நிகழ்வு இரட்டை ஒளிவிலகல் எனப்படும்; கால்சைட்டில் ஒரு கதிரின் விலகல் எண் 1.658, மற்றதன் எண் 1.486. இதனை ஒளியின் அலைக்கொள்கையால் விளக்க முயன்ற ஹைகன்ஸ், 1690-இல் வெளிவந்த தம் நூலில் இப்படிகத்துக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கினார். 1808-இல் பாரிசில் மாலுஸ் என்பவர், லக்சம்பர்க் அரண்மனைச் சாளரங்களில் பட்டுத் தெறித்த மாலைவெயிலை ஒரு கால்சைட்டுத் துண்டின் வழியே நோக்கிக்கொண்டு அதைச் சுழற்றியபோது, இரண்டு பிம்பங்களின் ஒளியும் மாறிமாறிக் கூடிக் குறைவதைக் கண்டார். ஒளியின் அதிர்வு ஒரே தளத்துக்குள் அடங்கும் நிலையாகிய தளவிளைவு, எதிரொளிப்பினாலும் உண்டாகிறது என்பது அவ்வாறு புலப்பட்டது.

எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கோல் 1828-இல், ஐஸ்லாந்துப் படிகத்தைக் குறுக்காக அறுத்து, கனடா பால்சம் என்னும் மரப்பிசினால் மீண்டும் ஒட்டி, பிரிந்த இரு கதிர்களுள் ஒன்றைப் பக்கவாட்டில் தெறிக்கச் செய்து, தளவிளைவுற்ற மற்றொன்றை மட்டும் வெளிவிடும் பட்டகத்தை அமைத்தார். 1929-இல் எட்வின் லேண்ட் உருவாக்கிய செயற்கைத் தாள் பரவும்வரை, பாறைகளை ஆராயும் நுண்ணோக்கிகளில் நிக்கோல் பட்டகமே ஆட்சி செய்தது. நிலவியல் மாணவர்கள் இன்றும் ‘கிராஸ்டு நிக்கோல்ஸ்’ (குறுக்கிட்ட நிக்கோல் பட்டகங்கள்) என்று பேசுவது அதன் எச்சமே. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்புகையில், கையில் வைத்திருந்ததும் இத்தகைய பட்டகம்தான். ஆழ்கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்று ராலே பிரபு கூறியிருந்தார். நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளி, குறிப்பிட்ட கோணத்தில் தளவிளைவுற்றிருக்கும் என்பதால், ராமன் பட்டகத்தைத் திருப்பி அவ்வொளியை மட்டும் நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னினும் ஆழமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற அம்முடிவிலிருந்து தொடர்ந்த ஆய்வுகள், 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவுக்கும், 1930-இல் நோபல் பரிசுக்கும் இட்டுச்சென்றன. படிகங்களையும் மணிக்கற்களையும் வாழ்நாள் முழுதும் விரும்பிச் சேகரித்தவர் அவர் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

இத்தகைய வரலாறு உடைய ஒரு கல்லுக்குப் பொய்ப்பெயர் தேவையில்லை. ‘கால்சைட்டு, பிளவுத்துண்டு’ என்று உண்மையாக எழுதி, ஊரையும் குறித்துவிட்டால், மலிவான விலையில் கிடைக்கும் அத்துண்டு ஒரு மாணவருக்கு ஒளியியலின் இரு நூற்றாண்டுகளைக் கையில் தந்துவிடும். அத்தகைய துண்டுகளையும் விளைந்த படிகங்களையும் பேணுவதில் சில எச்சரிக்கைகள் போதும்: கால்சைட்டைச் சூடாக்கினால் ஒரு திசையில் அது விரியும், அதற்குச் செங்குத்தான திசையில் சுருங்கும், ஆகவே வெந்நீரில் கழுவுவதும், சூடேறும் விளக்கின்கீழ் வைப்பதும் விரிசலை உண்டாக்கக் கூடும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதன் இடம் 3 மட்டுமே என்பதால், மற்ற கற்களோடு உரசாமல் தனியே வைப்பது நன்று. காடியோ எலுமிச்சைச் சாறோ அதன்மேல் படவே கூடாது.

விற்போரிடம் ஊர்ப்பெயரைக் கேளுங்கள்; சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் உள்ள கல்லுக்கு, தெரிந்த அளவு விவரத்தை இன்றே ஒரு சீட்டில் எழுதி, கல்லோடு சேர்த்து வையுங்கள்.