முதலில் ரத்தம், பிறகு மருந்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்த குடும்பங்களில் காய்ச்சல் என்றால் முதலில் போவது பக்கத்துக் கிளினிக்குக்குத்தான். டாக்டரே பார்த்து, டாக்டரே மருந்தும் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் அதில் ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும். நாலைந்து நாளாகியும் காய்ச்சல் விடாமல் ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போனால், அங்கே எடுக்கும் ரத்தத்தில் கிருமி வளராமலே போகலாம். நோயைத் தீர்க்கப் போதாத அந்த மாத்திரை, நோயின் அடையாளத்தை மறைக்கப் போதுமானது.

மெலியோய்டோசிஸ் விஷயத்தில் இது உயிருக்கே ஆபத்து. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் நோய் அது. சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் தாக்கும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மண் கொத்திக் கீரை போடுகிறவர்களும் அவர்களில் உண்டு. 1912இல் ரங்கூனிலிருந்து இந்நோயை முதலில் விவரித்து எழுதியவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். 1921இல் அதற்குப் பெயர் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். நூறாண்டாக நம் மண்ணில் தெரிந்த நோய் இது.

பென்சிலின் இதைத் தொடாது. தீபகற்பத்தில் ஜென்டாமைசினும் பொதுவாகப் பலிக்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் போட்டு, பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதமாவது சாப்பிட வேண்டும். இத்தனை நீண்ட சிகிச்சையை ஊகத்தின் பேரில் யார் தொடங்குவார்?

ஆய்வுக்கூடத்தில், நோயாளியின் ரத்தத்தை ஊற்றிய புட்டியில் கிருமி வளர்ந்ததும் அதைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை வைத்து, 35 பாகை வெப்பத்தில் இரவு முழுதும் விடுவார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மறுநாள் மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஜென்டாமைசின், கோலிஸ்டின் இரண்டையும் சுற்றி வட்டமே இல்லை, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டைச் சுற்றி மட்டும் வட்டம் என்றால் மெலியோய்டோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். தேடாத கண்ணுக்கு இதே கிருமி வெளியிலிருந்து கலந்த அசுத்தமாகவோ சூடோமோனாஸ் என்ற சாதாரணக் கிருமியாகவோ தெரிந்துவிடும். அதனால்தான் பரிசோதனைத் தாளில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதி அனுப்பக் கூடாது. சர்க்கரை நோயாளி, மண் வேலை செய்பவர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ரத்தத்தை வளர்த்துப் பார்த்ததன் பலனை இந்த நாடு முன்பே கண்டிருக்கிறது. 1948இல் கோலாலம்பூரில் உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்துக் குளோராம்பெனிகால் கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு எனப் பரிசோதனை காட்டியது. டைஃபாய்டுக்கு அம்மருந்து கேட்கும் என்று உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

நோயாளி மோசமாக இருந்தால் முடிவுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். எடுத்த கையோடு ஊசி போடலாம். கிளினிக்கிலேயே ரத்தப் பரிசோதனை செய்ய, செலவுதான் தடை. சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சல் நீடித்தால் தனியார் கிளினிக் எடுக்கும் ரத்தப் புட்டியை அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடம் இலவசமாக ஏற்க வேண்டும். பேராக் மாநிலச் சுகாதாரத் துறை இதை ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டப் பகுதிகளிலிருந்து தொடங்கலாம். அதுவரை குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பையை எறியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எந்த மருந்தை எத்தனை நாள் சாப்பிட்டார் என்று டாக்டரிடம் காட்டுங்கள்.