சேரிக்கு வரைபடம் போட்டது யார்?

நகரமைப்பு படித்தவர்கள் நடத்திய கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பெண்களும் கட்டட வெளியும் என்பது தலைப்பு. டொலோரஸ் ஹேடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இல் எழுதிய கட்டுரையைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. ஆண் வேலைக்குப் போவான், பெண் வீட்டில் கிடப்பாள் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அமெரிக்கப் புறநகர் வீடுகளைக் கட்டினார்கள். 40 குடும்பங்கள் சேர்ந்து சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் பொதுவில் வைத்துக்கொள்ளும்படி அவற்றை மாற்றிக் கட்ட வேண்டும் என்றார் அவர்.

எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. முகையூர் பக்கத்துச் சேரியில் பிறந்தவள் நான். எங்க அம்மாவை யாரும் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. நடவுக்கோ கரும்பு வெட்டவோ விடியறதுக்கு முன்ன போனால் பொழுது சாய்ஞ்சுதான் திரும்புவாள். "ஊட்டுல குந்தியிருக்க நமக்கு ஏது ஊடு?" என்பாள். வீட்டை விட்டு வெளியே வருவதுதான் விடுதலை என்று அந்தக் கூட்டத்தில் சொன்னார்கள். அம்மாவைச் சாதி பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அதட்டியதும் அந்த வெளியில்தான்.

மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் ஆய்வு செய்து 2011இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பெண்கள் காரணமே இல்லாமல் தெருவில் நிற்கவும் சுற்றவும் உரிமை வேண்டும் என்கிறது அந்த நூல். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பெண் ஊர்த்தெருவுக்குள் காரணத்தோடு போனாலே, "இங்க இன்னாடி வேல?" என்று கேட்க ஒருவன் திண்ணையில் இருந்தான்.

எங்க பக்கம் ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் இருக்கிறது. மழை பெய்தால் ஊர்த்தண்ணி எங்க வாசலில் நிற்கும். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிற்கிற இடம் எல்லாம் ஊர்ப்பக்கம். இருட்டில் வேலிக்காத்தான் முள்ளுக்குள்ளே ஒதுங்கப் போன அம்மா, ஊர்க்காரன் கழனி ஓரத்தில் கால் வைக்கவும் பயந்தாள். இந்தக் கோடுகளை எந்த இஞ்சினீயரும் போடவில்லை, சாதி போட்டது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றியவர்களை அம்பேத்கர் மறுத்துப் பேசியதும் இதையெல்லாம் அறிந்துதான். ஊர், சேரி என்ற கோட்டைப் பார்க்காமல் பெண்ணையும் கட்டடத்தையும் ஆராய்கிறவர்கள் பாதிப் பெண்களைத்தான் ஆராய்கிறார்கள்.

அரசாங்கம் வீட்டை அளக்கும். 2016இல் வந்த பிரதமர் கிராம வீட்டுத் திட்டத்தில், சமைக்கிற இடம் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர். சரி, அந்த வீட்டிலிருந்து குழாய்க்கு எத்தனை அடி? கக்கூசுக்குத் தண்ணி சொமக்கறது யார்? ராத்திரி வேலை முடிந்து அவள் இறங்குகிற இடத்தில் வெளக்கு எரியுதா? அந்தச் சதுர மீட்டர் கணக்கில் இதெல்லாம் வராது.

நம்ம ஆளுங்களையும் கேட்கத்தான் வேண்டும். கொடிக்கம்பத்துக்கு இடம் பிடித்தோம், போலீஸ் அடி வாங்கினோம். படிப்பகம் கட்டினோம். அங்கே பேப்பர் படிக்க உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஆம்பளைங்க. அதே தெருவில் பொம்பளைங்க குளிக்கிறதுக்குப் புடவையைத்தான் மறைப்பாகக் கட்டினார்கள். கொடிக்கு இடம் தேடிய தோழர்கள் அந்த மறைப்புக்கு நாலு செங்கல் தேடவில்லை. சொன்னால், "மொதல்ல சாதிய ஒழிப்போம், அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். சாதி எங்கள் உடம்பை அந்த மறைப்பில்லாத இடத்தில்தான் பிடிக்கிறது, தோழர்.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்தது. பல ஊர்களில் அந்த நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருக்கிறான். அவன் போடுகிற தீர்மானத்தில் ஊர்க்கோயில் தெருவுக்கு சிமெண்டு போட்டுவிட்டு, மிச்சமிருந்தால் காலனிக்கு என்பார்கள்.

அடுத்த கிராம சபைக்கு நம் பெண்கள் கூட்டமாகப் போகட்டும். எந்தக் குழாயில் சண்டை, எந்த முடுக்கில் இருட்டு, எந்த வழியில் பயம் என்று தெருவையே வரைந்து எடுத்துக்கொண்டு போகட்டும். ஆய்வாளர்கள் வந்தால் வரட்டும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். கோடு போடுகிற கை இனி எங்கள் கையாக இருக்க வேண்டும்.