திறப்பு யார் கையில்?

திரைப்படச் சங்கங்களும் சிறு திரைப்பட விழாக்களும் நிகழ்வின் முடிவில் பலருக்கு நன்றி கூறுகின்றன. மண்டபம் தந்தவர், துண்டுப்பிரசுரம் அச்சிட்டவர், தேநீர் வழங்கியவர் என அப்பட்டியல் நீளும். அன்று படம் தடங்கலின்றி ஓடக் காரணமான மென்பொருளை எழுதியவர் மட்டும் அதில் இடம்பெறுவதில்லை. எங்கோ ஒரு நாட்டில் தனியொருவராகவோ, இருவர் மூவராகவோ இருந்து அதனைப் பராமரிப்பவர் நாளை கைவிட்டால் என்னவாகும் என்பதும் சிந்திக்கப்படுவதில்லை.

இறுவட்டை நேரடியாக இயக்கித் திரையிடுவது ஆபத்தானது என்பதை இத்துறையில் உள்ளோர் அறிவர். சிறு கீறல் போதும், காட்சி உறைந்து நின்றுவிடும். தாண்டிச் செல்லவியலாத எச்சரிக்கை வாசகங்களை மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிராந்தியக் குறியீடு இன்னொரு தொல்லை. அமெரிக்காவில் விற்கப்படும் டிவிடி முதலாம் பிராந்தியத்துக்குரியது. தென்னாசியாவோ ஐந்தாம் பிராந்தியம். கணினியின் இறுவட்டு இயக்கியில் இக்குறியீட்டை ஐந்து தடவைகள் மட்டுமே மாற்றலாம். எனவே படத்தை முன்கூட்டியே ஒரு கோப்பாகப் பிரித்தெடுத்து, முழுவதும் ஓட்டிப் பார்த்துத் திரையிடுவதே பலரதும் நடைமுறை.

இதற்குக் குறுக்கே நிற்பது இறுவட்டின் பூட்டு. அதனைத் திறக்கும் மென்பொருள்களைப் பெரிய நிறுவனங்கள் தயாரிப்பதில்லை, சிறியோரே தயாரிக்கின்றனர். அவர்களின் வரலாறு நிம்மதியானதன்று. 1999 இல் டிவிடியின் பூட்டைத் திறக்கும் நிரல் வெளியானபோது, அதில் தொடர்புபட்ட ஜோன் லெக் ஜொஹான்சன் என்ற நோர்வே இளைஞர் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. 2003 இல் அவர் இரு தடவைகள் விடுவிக்கப்பட்டார். பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த டிவிடி டிக்ரிப்டர், சட்ட அழுத்தத்தினால் 2005 இல் நின்றது. எனிடிவிடியை வெளியிட்ட ஸ்லைசொஃப்ட் 2016 இல் மூடப்பட்டது. அதன் வழிவந்த ரெட்ஃபொக்ஸும் 2024 இல் மறைந்தது. புளூ-ரே இறுவட்டுகளின் பூட்டு காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால், மென்பொருளும் தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிப்பவர் இல்லாதபோது, பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளும் புதிய இறுவட்டின்முன் பயனற்றுப் போகிறது.

"இது திருட்டுத்தானே, தொலையட்டும்" என்போர் உள்ளனர். அவர்கள் இரண்டு விடயங்களை ஒன்றாகக் குழப்புகின்றனர். பொது இடத்தில் திரையிடும் உரிமை வேறு. படத்தை ஓட்டும் வசதி வேறு. உரிமை பெறாமல் திரையிடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உரிமைக்குக் கட்டணம் செலுத்திய சங்கங்களும் பல வேளைகளில் கடையில் விற்கும் அதே பூட்டிய இறுவட்டையே நம்பியிருக்கின்றன. அமெரிக்கச் சட்டம் இங்கு விநோதமானது. திரைப்படத்துறைப் பேராசிரியர்கள் வகுப்பில் காட்டும் துண்டுக் காட்சிகளுக்காகப் பூட்டைத் திறக்கலாம் என்று 2006 இல் விலக்களிக்கப்பட்டது. ஆயினும் அதற்குரிய கருவியைச் செய்து விநியோகிப்பதற்கான தடை நீங்கவில்லை. கதவைத் திறக்கலாம், திறப்புச் செய்யக் கூடாது என்பதே இதன் பொருள்.

ஆகவே எதை நம்புவது என்பதே கேள்வி. ஒருவர் கையில் மட்டும் மூலநிரல் இருக்கும் மென்பொருள், அவரோடு முடிந்துவிடும். மூலநிரல் திறந்திருப்பது பிழைத்துக்கொள்ளும். 2003 இல் தொடங்கிய ஹேண்ட்பிரேக்கின் தொடக்குநரைத் தொடர்புகொள்ள இயலாதபோது, வேறு இருவர் அதன் நிரலை எடுத்து மீடியாஃபோர்க் என்ற பெயரில் வளர்த்தனர். 2007 இல் இரண்டும் ஒன்றாயின. திரையரங்குக்குரிய டிசிபி வடிவத்துக்குப் படத்தை மாற்றும் டிசிபி-ஓ-மேட்டிக்கும் கார்ல் ஹெதரிங்டன் என்ற தனிமனிதர் தொடங்கியதே. ஆனால் அதன் மூலநிரல் எவருக்கும் கிடைக்கும்.

திறந்த மூலநிரலும் கவலையற்றதன்று. 2017 மே மாதத்தில் சில நாட்கள், ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்கச் சேவையகம் ஒன்றில் மக் கணினிகளுக்கான தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது. சிறு குழுவுக்குக் காவற்காரரை வைத்துக்கொள்ளும் வசதி ஏது?

சங்கங்கள் செய்யவேண்டியவை கடினமானவையல்ல. திரையிடும் வாரத்தில் மென்பொருளைத் தேடி அலையாமல், சரிபார்த்த பதிப்பொன்றைச் சேமித்து வையுங்கள். இயலுமானவரை திறந்த மூலநிரலைத் தெரிவு செய்யுங்கள். மண்டப வாடகையைக் கணக்கில் எழுதும்போது, மென்பொருளாளருக்கான சிறு நன்கொடையையும் எழுதுங்கள். உரிமை பெறும்போதே பூட்டில்லாத கோப்பையும் விநியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் வழக்கம் மாறும்.

பிலிம் சுருள் அழிந்து, இறுவட்டில் மட்டும் எஞ்சியிருக்கும் படங்கள் தமிழிலும் பிற மொழிகளிலும் உள்ளன. அவற்றைப் பெட்டியில் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது. இருபது ஆண்டுகளின் பின் அவற்றைத் திறப்பவர் யார் என்பதையும் இன்றே தீர்மானிக்க வேண்டும்.