கீமோதெரபியும் உண்ணாநோன்பும்: மருத்துவமனை கேட்காத கேள்வி

புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கும் குடும்பத்திற்கு இரண்டு அறிவுரைகள் வந்து சேர்கின்றன. மருத்துவமனை, "நன்றாகச் சாப்பிடுங்கள், எடை குறையக் கூடாது" என்கிறது. கைப்பேசிக்கு வரும் காணொளியோ, "மருந்து ஏறும் நாளுக்கு முன்னும் பின்னும் பட்டினி இருங்கள், வாந்தியும் சோர்வும் வாரா, புற்றும் கரையும்" என்கிறது. முன்னதற்கு விளக்கம் சொல்ல மருத்துவருக்கு நேரம் இருப்பதில்லை. பின்னது அரைமணி நேரம் பொறுமையாக விளக்குகிறது. நோயாளி எதை நம்புவார் என்பதில் வியப்பில்லை.

பட்டினி பற்றிய இக்கூற்று வெறும் கட்டுக்கதை அன்று. அதன் வேர் ஆய்வகத்தில் உள்ளது. கீமோதெரபி மருந்துகளில் பல, விரைந்து பிரியும் செல்களைத் தாக்குபவை. புற்றுச் செல்களோடு முடிவேர், குடலின் உட்படலம், எலும்பு மச்சை ஆகியவற்றின் நலமான செல்களும் அடிபடுகின்றன. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் வெள்ளணுக்கள் குறைவதும் இதனால்தான். உணவு நின்றால் இரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகளும் குறையும். நலமான செல்கள் பிரிவதைக் குறைத்துத் தம்மைக் காத்துக்கொள்ளும் நிலைக்குச் செல்லும். வளர்ச்சிக் கட்டளை பழுதுபட்ட புற்றுச் செல்களால் அவ்வாறு ஒடுங்க இயலாது. ஆகவே மருந்தின் அடி அவற்றின் மேலேயே மிகுதியாக விழும். இதுவே கருதுகோள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வால்டர் லாங்கோ குழுவினர் 2008-இல் எலிகளில் இதைச் சோதித்தனர். 48 முதல் 60 மணி நேரம் பட்டினி இருந்த எலிகள், மிகையளவு மருந்தை வழக்கம்போல் உண்ட எலிகளைவிட நன்றாகத் தாங்கின.

எனினும் இரண்டு நாள் பட்டினியில் எலி தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். மனித உடலில் அவ்வளவு இழப்பு ஏற்படப் பல வாரங்கள் ஆகும். எலியின் இரண்டு நாளும் மனிதனின் இரண்டு நாளும் ஒன்றல்ல.

மனிதரிடம் கிடைத்த சான்றுகள் சிறியவை. ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போகாதவை. 2009-இல் வெளிவந்த முதல் பதிவு, தாமாகவே பட்டினி இருந்த பத்து நோயாளிகளைப் பற்றியது. சோர்வும் வயிற்றுத் தொல்லையும் குறைந்ததாக அவர்கள் கூறினர். 2018-இல் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வில் மார்பக, சூலகப் புற்றுநோய் கொண்ட 34 பெண்களின் தரவுகள் ஆராயப்பட்டன. மருந்துக்கு முன் 36 மணி நேரமும் பின் 24 மணி நேரமும் மிகக் குறைவாக உண்ட சுற்றுகளில் அவர்களின் வாழ்க்கைத்தரம் குறைவாகவே சரிந்தது. ஆனால், பட்டினி இருப்பவருக்குத் தாம் பட்டினி இருப்பது தெரியாமல் போகாது. மாத்திரைக்குப் போலி மாத்திரை உண்டு. நோன்புக்குப் போலி நோன்பு இல்லை. எதிர்பார்ப்பே ஒரு பங்கு ஆறுதலைத் தந்திருக்கக்கூடும்.

2020-இல் வெளிவந்த நெதர்லாந்தின் 'டைரக்ட்' ஆய்வு இவற்றைவிடப் பெரியது. 131 மார்பகப் புற்றுநோயாளிகளில் ஒரு பிரிவினர் மருந்துக்கு முந்தைய மூன்று நாளும் மருந்து நாளும் நோன்பை ஒத்த குறையுணவு உண்டனர். கடுமையான பக்கவிளைவுகளில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. உணவைக் குறைத்தோருக்கு டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு தவிர்க்கப்பட்டும் பக்கவிளைவு மிகவில்லை என்பதும், கட்டி சுருங்கியதில் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தன என்பதும் உண்மை. ஆயினும் எல்லாச் சுற்றுகளிலும் அவ்வுணவைக் கடைப்பிடிக்க முடிந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. தேர்ந்தெடுக்கப்பட்டு, கண்காணிக்கப்பட்டு, ஊக்குவிக்கப்பட்டவர்களின் நிலையே இது.

இங்குக் கேட்கப்பட வேண்டிய கேள்வி, யாருடைய உடல் என்பது. இத்தகைய ஆய்வுகள் எடை குறைந்தோரையும் நீரிழிவு நோயாளரையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இந்தியாவில் கீமோதெரபிக்கு வருவோரில் இவ்விரு வகையினரும் ஏராளம். இந்திய ஆண்களிடையே முன்னணியில் உள்ள புற்றுநோய்களில் ஒன்று வாய்ப்புற்று. உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுகளும் அரிதல்ல. விழுங்க முடியாமல் மாதக்கணக்கில் கஞ்சியிலேயே காலந்தள்ளி, பாதி உடலாக வந்து நிற்பவர் முன்பே பட்டினி இருந்தவர்தான். அவருக்கு மேலும் பட்டினி என்பது சிகிச்சை ஆகாது. எடையும் தசையும் கரைந்தவருக்கு மருந்தின் நச்சு மிகுதியாகத் தாக்கும், சுற்றுகள் தள்ளிப்போகும், சிகிச்சையே பாதியில் நிற்கும். ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரியும் ஒரு கிராமுக்கு மேல் புரதமும் வேண்டும் என்கிறது. ஊட்டக்குறைவு உடையோரும் அதற்கு ஆளாகக்கூடியோரும் உணவைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது.

நோன்பு என்னும் சொல்லும் இங்கே ஒரே பொருளைத் தருவதில்லை. பழமும் பாலும் உண்ணும் ஏகாதசியும் உண்டு. நீரும் பருகாத நிர்ஜலமும் உண்டு. ஆய்வுகளில் நீருக்குத் தடை இல்லை. காய்ச்சாறும் தெளிந்த சூப்பும் தரப்பட்டன. சிஸ்பிளாட்டின் பெறுபவர் நீரை விலக்கினால் சிறுநீரகம் பழுதுபடக்கூடும். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கீமோதெரபிக்குப் பின் வரும் தளர்ச்சியை "நோன்பின் களைப்பு" என்று வீட்டில் எண்ணியிருக்கும் வேளையில், அது வெள்ளணுக் குறைவால் வந்த தொற்றாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் தெரிந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றுக்கிடையே அறிவியலின் பெயரால் நடைபெறும் மிகைப்படுத்தல் வேறு. 2016-இல் யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்களில் ஆட்டோஃபேஜி என்னும் தன்விழுங்கலின் செயல்முறையை விளக்கியமைக்காக நோபல் பரிசு பெற்றார். அது "நோன்பு புற்றை அழிக்கும் என்பதற்குக் கிடைத்த நோபல்" ஆகிவிட்டது. வளர்ந்துவிட்ட கட்டிகள் உயிர் பிழைக்கவும் அதே தன்விழுங்கல் துணைபுரியக்கூடும் என்பதும், அதைத் தடுக்கும் மருந்துகளைப் புற்றுநோயாளரிடம் சோதித்து வருகின்றனர் என்பதும் பகிரப்படுவதில்லை. 2024 நவம்பரில், முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து தம் மனைவியின் மீட்சியில் உணவு இடைவெளி, எலுமிச்சை, மஞ்சள், வேம்பு ஆகியவற்றின் பங்கைப் பேசியதும், டாட்டா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையொப்பமிட்டு மறுக்க நேர்ந்தது. அப்பெண்மணி அறுவையும் கீமோதெரபியும் பெற்றவர் என்பது பரவிய காணொளித் துணுக்குகளில் அமிழ்ந்துபோயிற்று.

எனினும் மறுப்பறிக்கை மட்டும் போதாது. பட்டினி ஏன் ஈர்க்கிறது என்பதையும் மருத்துவ உலகம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊசி, ஸ்கேன், அறுவை என எல்லாம் பிறரால் தம்மீது நிகழ்த்தப்படும் காலத்தில், நோயாளி தாமே செய்யக்கூடியது உணவை விடுவது ஒன்றே. செலவில்லை, மரபின் மதிப்பும் உண்டு. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் மற்றவர் விரதம் இருக்கும் நாடு இது. இதை அறியாமை என்று கடிந்துகொண்டால் நோயாளி நோன்பைக் கைவிடமாட்டார். மருத்துவரிடம் சொல்வதைத்தான் கைவிடுவார். மறைவில் இருக்கும் நோன்பே எல்லாவற்றினும் தீங்கானது.

ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் முன், புறநோயாளர் பிரிவில் கடிதல் இன்றி மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: விரதம் இருக்கிறீர்களா? நீராவது அருந்துகிறீர்களா? கடந்த மாதத்திலிருந்து எடை எவ்வளவு குறைந்தது? செவிலியரே கேட்டுவிடலாம், இரண்டு நிமிடம் போதும். குமட்டலுக்கு அஞ்சியே பலர் உணவை விடுகின்றனர். அதற்கு ஒண்டான்செட்ரான் முதல் ஒலான்சபின் வரை நல்ல மருந்துகள் உள்ளன. ஒலான்சபினின் குறைந்த அளவான 2.5 மில்லிகிராமே போதும், பகல் உறக்கமும் குறையும் என்று காட்டியது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. மருந்து ஏறிய நாளில் பசியில்லை என்றால் நோயாளியை வற்புறுத்தி ஊட்ட வேண்டியதும் இல்லை. நல்ல எடையுள்ளவருக்கு ஒருநாள் குறைந்த உணவு கேடு செய்யாது என்பதை வீட்டாருக்குச் சொல்லலாம்.

நோன்பு மரபும் நோயாளர் பெருக்கமும் ஒருங்கே உள்ள இந்நாட்டில், எந்த உடலுக்கு எத்தகைய குறையுணவு ஏற்கும் என்பதை இந்திய மருத்துவமனைகளே முறையாக ஆராய்தல் வேண்டும். அவ்விடை வரும் வரை, நலமான உடல்களில் கண்ட அரைகுறைச் சான்றை நலிந்த உடல்களின் மேல் ஏற்றுவது அறமாகாது. நோன்பு இருக்க விரும்பும் நோயாளி முதலில் தம் மருத்துவரிடம் அதைச் சொல்லட்டும். சொல்லத் தயங்காத அளவிற்கு மருத்துவரும் காது கொடுக்கட்டும்.